தொப்பியைப் பிடித்திருக்கும் பெண்

கொல்கத்தாவின் விக்டோரியா நினைவகத்தில் ஜோஹன் சோஃபனி வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று இருக்கிறது. 1783க்கும் 1787க்கும் இடையில் தீட்டப்பட்டது. வாரன் ஹேஸ்டிங்ஸும் அவர் மனைவி மரியனும் அலிப்பூரில் தங்கள் தோட்டத்தில் கைகோத்து நிற்கிறார்கள். அருகே ஓர் இந்தியப் பணிப்பெண், எஜமானியின் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்.

ஹேஸ்டிங்ஸின் வாழ்க்கை நமக்கு அநேகமாக நாள்வாரியாகத் தெரியும். வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரல், 1785இல் ஊர் திரும்பியவர், 1788 முதல் 1795 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விசாரணைக் கூண்டில் நின்றவர். மரியனைப் பற்றியும் குறைவில்லை. ஜெர்மன் நாட்டுப் பெண். இம்ஹாஃப் என்ற சிற்றோவியரின் மனைவியாக 1769இல் சென்னைக்குக் கப்பலேறினார். அதே கப்பலில் ஹேஸ்டிங்ஸ் வந்தார். நடுக்கடலில் அவர் நோயில் விழுந்தபோது பணிவிடை செய்தது மரியன். பிறகு மணவிலக்கு, 1777இல் கல்கத்தாவில் மறுமணம். காதல் கதையின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் தேதி உண்டு. தொப்பியைப் பிடித்திருப்பவரோ ஓவியத்தின் தலைப்பில்கூட இடம்பெறவில்லை. ஆனால் அவர் கற்பனை உருவமல்ல. யாரோ ஒருவர் சோஃபனியின் முன்னால் வந்து நின்றிருக்கிறார், கை வலிக்க வலிக்க அந்தத் தொப்பியைப் பிடித்திருந்திருக்கிறார்.

அதே நினைவகத்தில் சோஃபனியின் இன்னொரு புகழ்பெற்ற ஓவியமும் உண்டு. லக்னோவில் 1786-87இல் வரைந்தது. கர்னல் போலியேவும் நண்பர்களும். போலியேவின் முன்னால் பணியாட்கள் தோட்டத்துக் காய்கனிகளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். கிளாட் மார்ட்டின் தன் மாளிகையின் படத்தை நண்பருக்குக் காட்டுகிறார். நடுவே ஓவியச் சட்டத்தின் முன் உட்கார்ந்திருப்பவர் சோஃபனியே. ஐரோப்பியர் ஒவ்வொருவரையும் கலை வரலாற்றாளர்கள் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார்கள். பணியாட்களிடம் வந்ததும் அந்தப் பட்டியல் நின்றுவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு யதார்த்த ஓவியம் வேலைக்காரரை விளிம்பிலிருந்து சட்டகத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தது என்று கலை வரலாறு பெருமைப்படும். பிரான்சுவா பொன்வான் சமையலறைப் பெண்களை, அவர்கள் தண்ணீர் பிடிப்பதையும் பாத்திரம் தேய்ப்பதையும், ஒரு சீமாட்டிக்குத் தரும் அதே பொறுமையுடன் வரைந்தார். கூர்பே 1849இல் கல்லுடைப்பவர்களை ஆளுயரத்துக்குத் தீட்டினார். மானே 1863இல் வரைந்து 1865ஆம் ஆண்டு சலோன் கண்காட்சியில் வைத்த ‘ஒலிம்பியா’வில் பூங்கொத்தோடு நிற்கும் கறுப்பினப் பணிப்பெண், படத்தின் பாதியை ஆள்கிறார். இந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வேலைக்காரர் சட்டகத்தின் நடுவில் தனியாக, முழு உருவமாக நிற்பதுதான் அளவுகோல் என்றால் அது கல்கத்தாவில் அரை நூற்றாண்டு முன்பே நடந்துவிட்டது. நடந்தும் அது உருவப்படம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

பால்தசார் சோல்வின்ஸ் ஆண்ட்வெர்ப்காரர். 1760இல் பிறந்தவர். 1791இல் கல்கத்தா வந்து இறங்கியபோது அவருக்குப் பெரிய சிபாரிசு எதுவும் இல்லை. சோஃபனி போன்றவர்களைத் தேடிவந்த பணக்கார வாடிக்கையாளர்கள் அவரிடம் வரவில்லை. கோச்சு வண்டிகளுக்கும் பல்லக்குகளுக்கும் அலங்காரம் தீட்டியும், பழைய ஓவியங்களைத் துப்புரவு செய்தும் பிழைத்தார். வங்காள மக்களின் சாதிகள், தொழில்கள், உடைகள், வண்டிகள், படகுகள், இசைக் கருவிகள், பண்டிகைகள் அனைத்தையும் 250 செதுக்கோவியங்களாக வெளியிடப் போவதாக 1794இல் அறிவித்தார். 1796இலும் 1799இலும் கல்கத்தாவிலேயே அந்தத் தொகுதி வந்தது. அதில் வீட்டு வேலைக்காரர்களுக்கென்றே தனிப் பகுதி ஒன்று.

அந்தப் பகுதி ஏன் தேவைப்பட்டது என்பதை அக்காலக் கல்கத்தா வீடுகளைப் பார்த்தால்தான் புரியும். 1770களில், ஹேஸ்டிங்ஸின் நிர்வாகக் குழுவில் இருந்த பிலிப் ஃபிரான்சிஸின் வீட்டில் நான்கு பேருக்குப் பணிசெய்ய 110 வேலைக்காரர்கள் இருந்ததாக அவருடைய மைத்துனர் மக்ராபி எழுதி வைத்தார். வழக்கறிஞர் வில்லியம் ஹிக்கியிடம் 63 பேர். அவர்களில் எட்டுப் பேருக்குச் சாப்பாட்டு மேசையருகே நிற்பது மட்டும்தான் வேலை, மூன்று பேருக்குப் புல் வெட்டுவது. வீட்டை நடத்த கான்சாமா, பரிமாற கித்மத்கார், வெடியுப்பால் தண்ணீரைக் குளிர வைக்க ஆப்தார், ஹுக்கா தயார் செய்ய ஹுக்காபர்தார், தீவட்டி பிடிக்க மசால்சி, தோற்பையில் தண்ணீர் கொண்டுவர பிஸ்தி, வெள்ளித்தடியோடு முன்னே நடக்க சோப்தார், செய்தி கொண்டுபோக ஹர்காரா, கணக்கெழுத சர்க்கார், குதிரைக்கு சைஸ், குழந்தைக்கு ஆயா. ஒருவர் வேலையை இன்னொருவர் தொடமாட்டார். இதைச் சாதியின் பிடிவாதம் என்று ஆங்கிலேயர்கள் அலுத்துக்கொண்டார்கள். அலுத்துக்கொண்டே ஆட்களைப் பெருக்கினார்கள், ஏனென்றால் அது கட்டுப்படியாயிற்று. 1759இல் கிழக்கிந்தியக் கம்பெனி நிர்வாகம் வகுத்த ஊதிய விகிதத்தில் கான்சாமாவுக்கு மாதம் ஐந்து ரூபாய், மசால்சிக்கு இரண்டு.

சோல்வின்ஸின் படங்களில் இந்த மனிதர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். ஒரு தாளுக்கு ஓர் ஆள். முன்னணியில் முழு உருவம், தாழ்ந்த அடிவானம், பின்னால் கட்டடத்தின் ஒரு பகுதி, தூரத்தில் அதே வேலையில் ஈடுபட்ட சிறு உருவங்கள். நிறங்கள் மங்கல், அழகுபடுத்தும் ஆசை இல்லை. தலைப்பாகை எப்படிச் சுற்றப்பட்டிருக்கிறது, இடுப்புத்துணி எங்கே செருகப்பட்டிருக்கிறது, கருவியை எந்தக் கை ஏந்துகிறது என்பதில் அவருக்கு அசாத்தியமான அக்கறை. எஜமானர் இந்தத் தாள்களில் இல்லை. தொப்பியைத் தாங்க, நாற்காலியின் பின்னால் நிற்க, யாருக்கோ பின்னணியாக இருக்க இங்கே அவசியம் நேரவில்லை. சோஃபனியின் பணிப்பெண்ணுக்குக் கிடைக்காத முழுத் தாளும் இவர்களுக்குக் கிடைத்தது. அந்த அளவில் சோல்வின்ஸ் செய்தது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன். வண்டிக்கும் பல்லக்குக்கும் வண்ணம் பூசிப் பிழைத்த ஒருவர் வேலை செய்யும் உடம்பைக் கூர்ந்து பார்த்ததில் எனக்கு வியப்பில்லை.

கல்கத்தா வாசகர்கள் அவரைக் கைவிட்டார்கள். கரடுமுரடானவை, இருண்டவை, ஒரே மாதிரியானவை என்று படங்கள் ஒதுக்கப்பட்டன. சோல்வின்ஸ் ஐரோப்பா திரும்பினார். லண்டன் பதிப்பாளர் எட்வர்ட் ஓர்ம் அந்தப் படங்களிலிருந்து அறுபதை எடுத்து, நிறங்களை இனிமையாக்கி, உருவங்களைத் திருத்தி, ஒரு நூலை வெளியிட்டார். அது விற்றது. சோல்வின்ஸ் தன் மனைவி மேரி ஆன் கிரீன்வுட்டின் பணத்தைப் போட்டு, பாரிஸில் 1808 முதல் 1812 வரை பிரெஞ்சு, ஆங்கில விளக்கங்களோடு நான்கு பெரிய தொகுதிகளாகத் தன் படைப்பை மீண்டும் கொண்டுவந்தார். போர்க்காலம், வாங்க ஆளில்லை. கடைசியில் ஆண்ட்வெர்ப் துறைமுக அதிகாரியாக இருந்து 1824இல் இறந்தார். பொன்வானும் கூர்பேயும் பிறந்துகொண்டிருந்த நேரத்தில், கல்கத்தாவின் மசால்சியும் பிஸ்தியும் பாரிஸில் விற்காத தாள்களாகக் கிடந்திருக்கிறார்கள்.

இவ்வளவு கிட்டத்தில் வந்தும் சோல்வின்ஸ் வரைந்தவை உருவப்படங்கள் இல்லை. ஹுக்காபர்தாரின் படத்தில் இருப்பது ஹுக்காபர்தார் என்ற பதவி. நாளைக்கு அந்த ஆள் வேலையை விட்டுப் போய் இன்னொருவர் வந்தாலும் படம் செல்லும். இந்த வகைப் படங்களுக்குத் தமிழ்நாட்டிலும் உறவினர்கள் உண்டு. தஞ்சாவூரில் சாதிக்கொரு கணவன் மனைவியாக வரையப்பட்ட கம்பெனி பாணித் தொகுப்புகளும், திருச்சியில் காக்காப்பொன் தகடுகளில் தீட்டி விற்ற சிறு படங்களும் இதே தருக்கத்தில் பிறந்தவை. ஊர் திரும்பும் துரைக்கு நாட்டின் மாதிரிகள் வேண்டும். மாதிரிக்குப் பெயர் எதற்கு? முகம் கவனமாகவே வரையப்பட்டிருக்கும். அந்த முகத்துக்கு உரியவரைப் பற்றிக் கேட்க மட்டும் ஆளில்லை.

பெயர் எழுதும் வழக்கமே அப்போது இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மனைவி மேரி இம்பே 1777 முதல் 1783 வரை கல்கத்தாவில் தன் வீட்டில் ஒரு விலங்குக் கூட்டத்தையே வளர்த்தார். பாட்னாவிலிருந்து வந்த ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்ற மூன்று ஓவியர்களைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் வரையச் செய்தார். முந்நூறுக்கு மேற்பட்ட தாள்கள். அந்தத் தாள்களின் ஓரத்தில் பறவையின் பெயர், ஓவியரின் பெயர், அவர் ஊர், ஆண்டு எல்லாம் பாரசீகத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டன. இந்திய ஓவியர்களின் பெயர்கள் இவ்வளவு ஒழுங்காகப் பதிவான தொகுப்புகள் அபூர்வம். அதற்காக மேரி இம்பேக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். அதே ஜைனுத்தீன் அந்த வீட்டின் உட்புறத்தையும் வரைந்திருக்கிறார். ஒன்றில் மேரி இம்பே நடுவில் அமர்ந்திருக்க, சுற்றிலும் பணியாளர்கள். தரையில் உட்கார்ந்து தைப்பவர்களும் உண்டு. இன்னொன்று குழந்தைகளின் அறை, அங்கே ஆயாக்கள். பாட்னாக்காரரான ஜைனுத்தீன் தரையில் உட்கார்ந்திருப்பவர்களின் உடல்மொழியைச் சொந்தக்காரராக அறிந்தவர், அது கோட்டில் தெரிகிறது. ஒரு பறவை என்ன பறவை என்று நமக்குத் தெரிகிறது. மூன்று குழந்தைகளை வளர்த்தவர்கள் யார் என்று தெரியவில்லை. எழுதத் தெரிந்த கை, எழுதும் பழக்கமுள்ள வீடு, அருகிலேயே மையும் தூரிகையும். பெயர் விட்டுப்போனது மறதியால் அல்ல. அதைக் கேட்டு வைக்க வேண்டிய தகவலாக அந்த வீடு கருதவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோல்வின்ஸ் வரைந்தவை போன்ற வகைமாதிரிப் படங்கள் பெருகின. திருமதி பெல்னோஸ் வங்காள வாழ்க்கையை 24 படங்களாக வரைய, அவற்றைக் கல்லச்சுக்கு மாற்றியவர் கோலான் என்ற பிரெஞ்சு ஓவியர். நூல் 1832இல் வந்தது. கோல்ஸ்வொர்தி கிரான்ட் 1849இல், தாய்க்கு எழுதும் கடிதத்தின் வடிவில், கல்கத்தா வீட்டு வாழ்க்கையைப் பேனாக் கோட்டில் வரைந்து வெளியிட்டார். வேலைக்காரர்களுக்கு அதில் நிறைய இடம் தந்தார். வாயில்லாப் பிராணிகளுக்காக 1861இல் கல்கத்தாவில் சங்கம் தொடங்கியவரும் அவர்தான். இரக்கமுள்ள கண், ஆனாலும் பார்வை வகைமாதிரியைத் தாண்டவில்லை.

நான் அதிக நேரம் நின்று பார்க்க விரும்புவது கடயாவின் ஷேக் முகம்மது அமீரை. கல்கத்தாவின் ஓரத்துப் பகுதியான கடயாவில் குடியிருந்து 1830களிலும் 1840களிலும் ஆங்கிலேயரின் வீடு, வண்டி, நாய், குதிரை ஆகியவற்றை வரைந்து கொடுத்தவர். கேட்டவர்களுக்குத் தேவைப்பட்டது குதிரை. குதிரை தானாக நிற்காது, சைஸ் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் தாள்தோறும் சைஸ் வருகிறார். வெறுமையான பின்னணி, குதிரையின் மினுங்கும் உடம்பு, அதை ஒட்டி நிற்கும் மெலிந்த மனிதர். எஜமானர் பெரும்பாலும் இல்லை. குதிரைக்கும் அந்த ஆளுக்கும் நடுவே ஒரு பழக்கம் இருப்பது தெரிகிறது. வாரைப் பிடித்திருக்கும் கையில் இறுக்கமில்லை. இங்கே வேலைக்காரர் வகைமாதிரியாகவும் அழைக்கப்படவில்லை, துணைக்குத்தான் வந்தார். அப்படி வந்தவரை ஓவியர் தனி மனிதராகப் பார்த்துவிட்டார். காசு கொடுத்த துரைக்கு அது தேவையில்லை என்பதால்தான், யாரும் தடுக்கவும் இல்லை. ஐரோப்பியர் வரைந்த எந்தப் பணியாளர் படத்தையும்விட இவை உருவப்படத்துக்குக் கிட்டத்தில் வருகின்றன என்பது என் முடிவு.

பெயரோடு நமக்குக் கிடைக்கும் ஒருவர் முன்னு. ஹிக்கியின் 63 வேலைக்காரர்களில் ஒருவரான இந்த இளைஞரை, 1808இல் இந்தியாவை விட்டுப் புறப்பட்டபோது ஹிக்கி தன்னோடு அழைத்துச் சென்றார். தாயிடம் பணம் கொடுத்து இசைவு வாங்கினார். பீகன்ஸ்ஃபீல்டில் குடியேறியபின் முன்னு ஞானஸ்நானம் பெற்றார். வில்லியம் என்ற எஜமானரின் பெயர் முன்னால் வந்து, முன்னு என்பது குடும்பப் பெயரானது. லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் 1819இல் வில்லியம் தாமஸ் வரைந்த ஹிக்கியின் படம் இருக்கிறது. முதியவரான ஹிக்கியோடு படத்தில் இருக்கும் இந்தியப் பணியாளர் முன்னுதான் என்று கருதப்படுகிறது. அவர் பெயர் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஓவியர் அல்லர். ஹிக்கி எழுதிக் குவித்த நினைவுக்குறிப்புகள் 1913 முதல் 1925 வரை நான்கு தொகுதிகளாக அச்சாயின. அவற்றிலிருந்து பெயரை எடுத்துப் படத்தோடு பொருத்தினார்கள். தாயை விட்டு, ஊரை விட்டு, பெயரின் பாதியையும் விட்டு வந்தபின்தான் கல்கத்தாவின் வேலைக்காரர் ஒருவருக்கு அடையாளத்தோடு ஓவியத்தில் இடம் கிடைத்தது. இதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

பாரிஸிலும் பெயர்கள் தூரிகையோடு வரவில்லை. ஒலிம்பியாவின் பணிப்பெண்ணுக்குப் போஸ் கொடுத்தவரின் பெயர் லோர். மானே தன் குறிப்பேட்டில் பெயரையும், வாந்திமீல் தெரு 11ஆம் எண் வீட்டில் மூன்றாம் மாடி என்ற முகவரியையும் எழுதி வைத்திருந்தார். நூறு ஆண்டுகளுக்கு மேல் விமர்சகர்கள் ஒலிம்பியாவாகப் போஸ் கொடுத்த விக்டோரின் மெராங்கைப் பற்றி எழுதினார்கள்; லோர் வெறும் கறுப்புப் பணிப்பெண்ணாகவே இருந்தார். அமெரிக்க ஆய்வாளர் டெனிஸ் மரல் அவரை மையமாக வைத்து 2018இல் நியூயார்க்கில் கண்காட்சி நடத்தினார். 2019இல் ஓர்சே அருங்காட்சியகம் அதை விரிவாக்கி, கறுப்பின மாதிரிகளைப் பற்றிய பெரிய கண்காட்சியாக்கியது. அங்கே பல ஓவியங்கள், படத்தில் இருப்பவரின் பெயரால் மறுபெயரிடப்பட்டன. மரி-கியெமின் பெனுவா 1800இல் வரைந்து நெடுங்காலம் இனப் பெயரால் மட்டுமே அழைக்கப்பட்ட படம் ‘மதலேனின் உருவப்படம்’ ஆயிற்று. மதலேன், குவாதலூப் தீவிலிருந்து ஓவியரின் மைத்துனர் குடும்பத்தோடு பிரான்சுக்கு வந்த பணிப்பெண். கான்வாஸில் ஒரு தீற்றலும் மாறவில்லை. சுவரில் ஒட்டிய சீட்டு மாறியது. அதனால் அந்தப் படம் என்ன வகைப் படம் என்பதே மாறியது.

யதார்த்தம் ஓவியத்தில் சாதிக்காததை எழுத்து முன்னதாகவே சாதித்தது. ஒலிம்பியா காட்சிக்கு வந்த அதே 1865இல் கோன்கூர் சகோதரர்கள், தங்கள் வீட்டு வேலைக்காரி ரோஸின் வாழ்க்கையை ஒட்டி ‘ஜெர்மினி லாசர்தோ’ நாவலை வெளியிட்டார்கள். கல்கத்தாவில் இது ரவீந்திரநாத் வழியாக நடந்தது. 1891இல் அவர் எழுதிய சிறுகதையில், எஜமானரின் குழந்தையை ஆற்றில் பறிகொடுத்த பணியாள் ராய்சரண் தன் மகனையே அவர்கள் பிள்ளையென்று ஒப்படைக்கிறார். ராய்சரணுக்கு ஊர் உண்டு, மனைவி உண்டு, ஆற்றொணாக் குற்றவுணர்வு உண்டு. 1912இல் நூலாக வந்த அவருடைய நினைவுக்குறிப்புகளான ‘ஜீவன்ஸ்மிருதி’யில், ஜோராசாங்கோவில் இருந்த அவர்கள் வீட்டு வேலைக்காரர்கள் தம் பெயரோடு வருகிறார்கள், சிறுவன் ரவியைச் சுற்றித் தரையில் சாக்கட்டிக் கோடு கிழித்து, தாண்டக் கூடாது என்று மிரட்டிவிட்டுப் போன ஷ்யாம் அவர்களில் ஒருவர். பாசமும் கொடுமையும் சோம்பலும் கலந்த ஆட்கள். அவர்களை நல்லவர்களாக்க ரவீந்திரநாத் முயலவில்லை, அதுதான் மரியாதை. மிருணாள் சென் 1982இல் எடுத்த ‘காரிஜ்’ படத்தில் நடுத்தர வர்க்க வீட்டுச் சமையலறையில் மூச்சுமுட்டி இறந்துபோகும் சிறுவனுக்கு பாலான் என்று பெயர். இன்றும் விடிகாலையில் கேனிங் பக்கத்திலிருந்து வரும் லோக்கல் ரயில்கள் கொல்கத்தா வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்களால் நிரம்பி வழிகின்றன. அவர்களை வேலை வாங்கும் வீடுகளில் எத்தனை பேருக்கு அவர்களின் முழுப்பெயர் தெரியும் என்ற கேள்வி பழைய ஓவியங்களைப் பற்றியது மட்டுமல்ல. நம் சென்னை வீடுகளுக்கும் அது பொருந்தும்.

பெயர்கள் அடியோடு அழிந்துவிடவில்லை. கம்பெனிக் காலத்து வங்காள உயில்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய ஆவணப் பிரிவில் தொகுதி தொகுதியாக இருக்கின்றன. கல்கத்தாவில் இறந்த ஆங்கிலேயர்கள் பலர் தங்கள் பணியாட்களுக்கு, ஆயாவுக்கு, கான்சாமாவுக்கு, கூடவாழ்ந்த இந்தியப் பெண்களுக்கு, பெயர் குறிப்பிட்டுப் பணம் எழுதி வைத்திருக்கிறார்கள். பணம் கைமாற வேண்டியிருந்தால் பெயர் எழுதித்தானே ஆக வேண்டும்? இறந்தவரின் சொத்துப் பட்டியல்களும் உடன் இருக்கின்றன. அவற்றில் படங்களும் இடம்பெறும். குடும்ப வரலாற்றுக்காகவும் பாலுறவு வரலாற்றுக்காகவும் துர்பா கோஷ் போன்ற ஆய்வாளர்கள் இந்த உயில்களை ஆழமாகப் படித்திருக்கிறார்கள். படங்களை முன்னால் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். யாருடைய வீடு, எந்த ஆண்டு என்று தேதியிட முடிகிற ஓவியங்களை எடுத்துக்கொண்டு, அந்த வீட்டாரின் உயில், கணக்கேடு, கடிதம், தேவாலயப் பதிவு ஆகியவற்றை அருகில் வைத்துத் தேடினால் எல்லா முகங்களுக்கும் பெயர் கிடைக்காது, சிலவற்றுக்குக் கிடைக்கலாம். முன்னுவுக்குக் கிடைத்தது அப்படித்தான். இந்த வேலையை லண்டன்காரர்கள் செய்யட்டும் என்று விடவேண்டியதில்லை. முக்கியமான ஓவியங்கள் இருப்பது கொல்கத்தாவில், பாரசீகமும் வங்காளமும் படிக்கத் தெரிந்தவர்கள் இருப்பதும் அங்கேதான். பெயர் கிடைக்கும்வரை விக்டோரியா நினைவகம் ஒன்றை உடனே செய்யலாம். ஹேஸ்டிங்ஸ் தம்பதியின் படத்துக்கான விளக்கச் சீட்டில், படத்தில் இருப்பவர்கள் மூன்று பேர் என்று எழுதலாம்.